துப்பாக்கியும் தூக்கமும்

நம் வீட்டுக் கொல்லைப்புறத்து அணிலுக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு இருக்கிறது. சேது பந்தனத்தின்போது மணல் சுமந்ததற்காக ஸ்ரீராமர் அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார் என்பது கதை. அந்த மூன்று கோடுகளும் இன்றுவரை அதற்குப் பாஸ்போர்ட் மாதிரி உதவி வருகின்றன. கொய்யாப் பழத்தைக் கடித்துப் போட்டாலும் சரி, வடாம் உலர்த்திய துணியில் ஓட்டை போட்டாலும் சரி, பாட்டி "சூ, சூ" என்று விரட்டுவாளே தவிர, கல்லைக் கையில் எடுக்கமாட்டாள்.

கனடா தேசத்தின் மேற்குச் சமவெளியில் ஓர் அணில் ஜாதி இருக்கிறது. பாவம், அதற்கு இந்தச் சிபாரிசு கிடையாது. முதுகில் கோடும் கிடையாது. அதைக் கண்டதும் விவசாயி துப்பாக்கியை எடுக்கிறார். சனி, ஞாயிறு வந்தால் பட்டணத்து மைத்துனரும் அவருடைய சிநேகிதர்களும் ஆளுக்கொரு துப்பாக்கியோடு வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஒரே பிற்பகலில் நூறு, இருநூறு என்று சுட்டு வீழ்த்துகிறவர்கள் உண்டு. ஆனால், அடுத்த வசந்த காலத்தில் அதே வயலுக்குப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் அந்த அணில் கூட்டம் ஒன்றுமே நடக்காதது போல் வளை வாசலில் நின்றுகொண்டிருக்கும்!

நூறு வருஷங்களுக்கு மேலாக நடந்துவரும் இந்த யுத்தத்தில் துப்பாக்கி ஏன் ஜெயிக்கவில்லை? இதற்கு விடை துப்பாக்கியில் இல்லை, தூக்கத்தில் இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம், வாருங்கள்.

பெயரில் ஒரு குழப்பம்

முதலில் ஆசாமியை அறிமுகம் செய்துகொள்வோம். மானிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களிலும் ஜனங்கள் இதை "கோபர்" என்று அழைக்கிறார்கள். பிராணி சாஸ்திரக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அசல் கோபர் என்பது கன்னத்தின் இரு பக்கமும் பை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலேயே காலம் தள்ளும் வேறொரு பிராணி. நாம் பேசுகிற ஆசாமிக்கு நூல்களில் உள்ள பெயர் "ரிச்சர்ட்ஸன் நிலத்தணில்". ஜான் ரிச்சர்ட்ஸன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரின் நினைவாக வைத்த பெயர் அது. 1819-ல் பிராங்க்ளின் என்ற கடற்படை அதிகாரி வட துருவப் பக்கம் புறப்பட்டபோது கூடச் சென்றவர் அவர்.

இந்தப் பெயர்க் குழப்பம் கனடாவோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் மினசோட்டா ராஜ்யத்துக்கு "கோபர் ராஜ்யம்" என்றே செல்லப் பெயர். அங்கே சர்வகலாசாலையின் விளையாட்டுக் கோஷ்டிகளுக்குச் சின்னமாக விளங்கும் கோபர் யார் தெரியுமா? அதுவும் ஒரு நிலத்தணில்தான். அதன் முதுகில் பதின்மூன்று கோடுகள்! மூன்று கோட்டுக்கே நாம் இவ்வளவு மரியாதை கொடுக்கிறோமே!

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். நாமும் கோபர் என்றே சொல்லி வைப்போம். வாலையும் சேர்த்தால் சுமார் ஓர் அடி நீளம். மணல் நிறம். மரம் ஏறும் வழக்கம் இல்லை. தரையில் வளை தோண்டிக் குடியிருக்கும். எதிரி வருகிறதா என்று பார்க்க, பின்னங்கால்களில் எழுந்து, முன்கைகளை மார்பில் மடித்துக்கொண்டு, முளைக்குச்சி நட்டதுபோல் விறைத்து நிற்கும். ஆபத்து என்றால் ஒரு சீட்டி. அவ்வளவுதான், சுற்றிலும் உள்ள கோபர்கள் எல்லாம் தத்தம் வளைக்குள் மாயமாய் மறைந்துவிடும்.

இந்தச் சீட்டியில் இன்னொரு ரகசியம் உண்டு. சில சமயம் கோபர் வாயைத் திறந்து கத்துவது போல் தோன்றும். சத்தம் மட்டும் வராது. மானிடோபா சர்வகலாசாலையைச் சேர்ந்த இரு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கருவி வைத்துச் சோதித்து 2004-ல் விடையை வெளியிட்டார்கள். சத்தம் வரத்தான் செய்கிறது. ஆனால் மனிதக் காதுக்கு எட்டாத உச்ச ஸ்தாயியில் வருகிறது. துப்பாக்கி பிடித்தவர் காதில் விழாமல், பக்கத்து வளைக்காரர் காதில் மட்டும் விழும்படி ரகசியத் தந்தி கொடுக்கும் சாமர்த்தியம்!

கோபமும் கோபரும்

இவ்வளவு அழகான ஜந்துவின் மேல் விவசாயிக்கு அப்படி என்ன கோபம் என்று கேட்பீர்கள். கோபம் நியாயமானதுதான்.

அந்தச் சமவெளியில் விதைப்புக்கு உரிய காலம் மிகக் குறுகியது. உறைபனி விலகிய பின் விதைத்து, அடுத்த உறைபனி வருவதற்குள் அறுத்தாக வேண்டும். கோதுமையும், கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரும் இரண்டு இலை விட்டுத் தலை தூக்கும் சமயத்தில், வரப்போரத்து வளையிலிருந்து கோபர் குடும்பம் புறப்படுகிறது. வளையைச் சுற்றி இளம் பயிரைக் கத்தரித்துக்கொண்டே போகும். தினம் ஒரு முழம் வட்டம் பெரிதாகும். மறுபடி விதைக்கக் காலம் இராது. அந்த வட்டத்தில் அந்த வருஷம் மொட்டைத் தரைதான்.

மேய்ச்சல் நிலத்தில் வேறு தொந்தரவு. மாட்டுக்கு வேண்டிய புல்லைக் கோபர் தின்கிறது. வளை தோண்டிக் குவித்த மண்மேடு, புல் அறுக்கும் இயந்திரத்தின் கத்தியைப் பழுதாக்குகிறது. ஓடி வரும் குதிரை வளைக்குள் காலை விட்டால் குதிரைக்கும் ஆபத்து, மேலே இருப்பவருக்கும் ஆபத்து. கோபரைத் தேடிக்கொண்டு பாட்ஜர் என்ற இன்னொரு பிராணி வந்து, சிறிய வளையைத் தோண்டிப் பெரிய பள்ளம் ஆக்கிவிட்டுப் போகும். ஆல்பர்ட்டா மாகாணத்தின் விவசாயச் சட்டத்தில் கோபரைத் தொல்லை தரும் பிராணி என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, "ஐயோ பாவம், சுடாதீர்கள்" என்று பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்வது சுலபம். விதைக்கடன் வாங்கியவருக்கு அந்த உபதேசத்தால் ஒரு மரக்கால் கோதுமை கூட விளையாது. கோபரைக் குறைக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. அது குறைகிறதா என்பதுதான் கேள்வி.

வால் எண்ணும் உத்தியோகம்

1872-ல் கனடா சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. பத்து டாலர் கட்டணம் செலுத்தி, குடியேறி, குடிசை கட்டி, நிலத்தை உழுது பண்படுத்தினால் 160 ஏக்கர் சொந்தம். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கின. காலங்காலமாகக் கோரைப்புல்லும் காட்டெருமையுமாக இருந்த பூமியைப் புரட்டிக் கோதுமை விதைத்தார்கள். ஓரத்தில் குட்டைப் புல், பக்கத்திலேயே இளம் பயிர். கோபருக்குக் கல்யாண விருந்துதான்!

அதோடு குடியேறியவர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். கோழியைத் தூக்குகிறது என்று பருந்தைச் சுட்டார்கள். ஆட்டைப் பிடிக்கிறது என்று கொயோட்டி என்ற சிறு ஓநாய்க்கு விஷம் வைத்தார்கள். பள்ளம் தோண்டுகிறது என்று பாட்ஜரைக் கொன்றார்கள். ரோமத்துக்காக நரியைப் பொறி வைத்துப் பிடித்தார்கள். ஊரிலிருந்த போலீஸ்காரர்கள் அத்தனை பேரையும் டிஸ்மிஸ் செய்துவிட்டு, "திருட்டு அதிகமாகிவிட்டதே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்ட கதை!

பிறகு முதல் உலக யுத்தம் வந்தது. கடல் கடந்து நின்ற பட்டாளங்களுக்குக் கோதுமை வேண்டும். சஸ்காட்செவன் மாகாண சர்க்கார் 1917-ஆம் வருஷம் மே மாதம் முதல் தேதியைக் "கோபர் தினம்" என்று அறிவித்தது. பட்டாளத்துக்குப் போனவர் யார் என்கிறீர்கள்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்! வளையில் தண்ணீர் ஊற்றுவது, வாசலில் கயிற்றுச் சுருக்கு வைப்பது, பொறி வைப்பது என்று பையன்களும் பெண்களும் கிளம்பினார்கள். ஏறக்குறைய ஆயிரம் பள்ளிகள் கலந்துகொண்டன. அன்று ஒரே நாளில் மடிந்த கோபர்கள் 5 லட்சத்துக்கும் மேல். வெற்றி பெற்ற பள்ளிகளுக்குப் பரிசு கொடுத்தார்கள்.

கொன்றதற்கு அத்தாட்சி? வால்தான். வாலைக் கொண்டு வந்து எண்ணிக் கொடுக்க வேண்டும். மினசோட்டாவில் வயோலா என்ற சிற்றூரில் 1874-ல் ஆரம்பித்த கோபர் எண்ணும் திருவிழாவில் வாலுக்குப் பதில் முன்னங்கால் கணக்கு. ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது.

வாலுக்குக் காசு என்றதும் மனிதனின் மூளை எப்படி வேலை செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு, அடுத்த வருஷம் குட்டி போடட்டும் என்று கோபரை ஓடவிட்ட கெட்டிக்காரப் பையன்களைப் பற்றி அந்தச் சமவெளியில் கதை சொல்வார்கள். வெறும் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1902-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஹனாய் நகரத்தில் எலி வாலுக்குக் காசு கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் தெருவில் உலாவுவதைக் கண்டு அதிகாரிகள் திகைத்துப் போனார்கள்!

பையன்கள் யோக்கியர்களாகவே இருந்தாலும், வால் கணக்கில் ஒரு கோளாறு உண்டு. செத்தது எத்தனை என்பதை வால் சொல்லும். மிச்சம் எத்தனை என்பதைச் சொல்லாது. விவசாயிக்கு வேண்டியதோ இந்த இரண்டாவது கணக்கு. 5 லட்சம் மடிந்த பிறகும் சஸ்காட்செவனில் கோபர் குறைவின்றி வாழ்ந்ததே, அதிலிருந்தே தெரியவில்லையா?

எட்டி மரத்தின் யாத்திரை

துப்பாக்கிக்கு முன்பும் பின்பும் விவசாயி நம்பியது விஷத்தை. அந்த விஷத்துக்கும் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. ஸ்டிரிக்னைன் என்று பெயர். 1818-ல் பிரெஞ்சு ரசாயனிகள் இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். பிற்காலத்தில் அது பெருமளவில் எதிலிருந்து தயாராயிற்று என்றால், நம் ஊர்க் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் கொட்டையிலிருந்து! "எட்டிக்காயாய்க் கசக்கிறது" என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அதே எட்டிதான். இந்தியாவிலிருந்து கப்பலேறிய எட்டிக்கொட்டையின் சாரத்தைத் தானியத்தில் கலந்து கோபர் வளையில் போட்டார்கள்.

கோபர் செத்தது. செத்த கோபரைத் தின்ன வந்த நரியும் செத்தது. கொட்டிக் கிடந்த தானியத்தைக் கொத்திய பறவையும் செத்தது. ஸ்விப்ட் என்ற சின்னஞ்சிறு நரி கனடாவில் 1930-களுக்குள் அடியோடு மறைந்துபோனதற்குப் பொறியும், புல்வெளி அழிந்ததும், இந்த மாதிரி விஷங்களும் சேர்ந்து காரணம். 1983 முதல் வெளியிலிருந்து கொண்டுவந்து மறுபடி குடியேற்றினார்கள். 2020-ல் கனடாவின் மத்திய சுகாதார இலாகா, கோபருக்கு ஸ்டிரிக்னைன் வைப்பதை நிறுத்துவதென்று முடிவு செய்து, 2023 மார்ச் வரை தவணை கொடுத்தது. விவசாயிகள் பலர் இதை எதிர்த்தார்கள். "கையிலிருந்த ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டால் நாங்கள் என்ன செய்வது?" என்பது அவர்கள் கட்சி. இதனால் துப்பாக்கியின் மேல் பாரம் இன்னும் கூடிற்று.

கும்பகர்ணன் கணக்கு

இப்பொழுது முக்கியமான சங்கதிக்கு வருவோம்.

கும்பகர்ணன் வருஷத்தில் ஆறு மாதம் தூங்கினான் என்று நாம் ஆச்சரியப்படுகிறோம். கோபர் அவனையும் மிஞ்சிவிட்டது. வளர்ந்த பெண் கோபர் வருஷத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் மண்ணுக்குள் தூங்குகிறது. வெறும் தூக்கமல்ல, உடம்புச் சூடு சுற்றியுள்ள மண்ணின் குளிருக்கு அருகில் இறங்கி, நாடி அடங்கி, அவ்வப்போது மட்டும் சூடேறி விழித்து, மறுபடி அடங்கும் நெடுந்தூக்கம்.

அதன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பனி முழுவதும் உருகுமுன்பே, பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ ஆண் கோபர்கள் எழுந்து வருகின்றன. இரண்டு வாரம் பொறுத்துப் பெண் கோபர்கள் வருகின்றன. வந்த சில நாட்களுக்குள் கல்யாணம். சுமார் 23 நாள் கர்ப்பம். ஏப்ரலில் பிரசவம். ஒரு பிரசவத்துக்கு ஆறு முதல் எட்டுக் குட்டிகள் சகஜம். வருஷத்துக்கு ஒரே ஒரு பிரசவந்தான். குட்டிகள் ஒரு மாதம் வளைக்குள்ளேயே பால் குடித்து வளர்ந்து, மே மாதத்தில் வெளியே தலை நீட்டுகின்றன. தகப்பன்மார் ஜூன் மாதத்திலேயே தூங்கப் போய்விடுகிறார்கள். தாய்மார் ஜூலையில் போகிறார்கள். அந்த வருஷத்துப் பெண் குட்டிகள் ஆகஸ்டு வாக்கில் போகின்றன. ஆண் குட்டிகள் மட்டும் இலையுதிர் காலம் வரை வெளியே சுற்றும். இடத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி சில வாரம் முன்பின் ஆகலாம். வரிசை மாறாது.

இப்போது நம் துப்பாக்கிக்காரரைப் பாருங்கள். மார்ச்சில் அங்கே கடுங்குளிர்; அவர் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. ஏப்ரல், மே விதைப்பு வேலை. ஜூன், ஜூலையில் வெயில் இதமாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு லீவு. வயலில் எங்கே பார்த்தாலும் கோபர். அத்தனையும் உலகம் தெரியாத குட்டிகள். துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும் இரண்டே நிமிஷத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும். நன்றாகச் சுடத் தெரியாதவருக்கும் குறி விழும். ஜூலை முழுவதும் சுடுகிறார். ஆகஸ்டில் வயலைப் பார்க்கிறார். கோபர் வெகுவாகக் குறைந்திருக்கிறது! "பார்த்தீர்களா, என் துப்பாக்கியின் வேலையை!" என்று மீசையை முறுக்குகிறார்.

உண்மையில் பெரிய கோபர்கள் எல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே, அவர் காலுக்குக் கீழே, கொழுத்த உடம்போடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கின்றன. தூக்கம் செய்த வேலைக்குத் துப்பாக்கி பெயர் வாங்கிக்கொள்கிறது. மார்ச்சில் அவை எழுந்து வந்ததும் விவசாயி, "எங்கிருந்துதான் வருகிறதோ இந்தப் பீடை!" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். எங்கிருந்தும் வரவில்லை, ஸ்வாமி! அங்கேதான் இருந்தன.

பதினைந்தா, நூறா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பேச்சுக்காக ஒரு மேய்ச்சல் நிலத்தில் வசந்தத்தில் இருபது பெண் கோபர்கள் எழுந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆறு குட்டி என்றால் மே கடைசியில் 120 குட்டிகள். ஜூலையில் ஒருவர் வந்து நூறு குட்டிகளைச் சுட்டுவிட்டால் ஊரே மெச்சும். ஆனால் அந்தக் குட்டிகளில் பெரும்பகுதி, அவர் வராவிட்டாலும், பருந்துக்கும் பாட்ஜருக்கும் குளிருக்கும் இரையாகி அடுத்த வசந்தத்தைப் பார்க்கப் போவதில்லை. இயற்கை எப்படியும் வசூலிக்கப் போகிற கடனில் ஒரு பகுதியைத்தான் அவர் முன்கூட்டி வசூலித்திருக்கிறார். இருபது தாய்களும் பத்திரம்.

இன்னொருவர் மார்ச் கடைசியில் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பதினைந்து பெண் கோபர்களைச் சுட்டார் என்று வையுங்கள். யாரும் மெச்சமாட்டார்கள். பதினைந்து வால் ஒரு பெருமையா? ஆனால் தொண்ணூறு குட்டிகள் பிறக்கவே இல்லை! தூரத்திலிருந்து பார்த்து ஆண், பெண் அடையாளம் சொல்ல முடியாதுதான். இருந்தாலும், ஒன்றோடொன்று சண்டையிட்டும் எதிரியிடம் சிக்கியும் ஆண்கள் அதிகம் மடிவதால், வளர்ந்த கோபர்களில் பெண்களே எண்ணிக்கையில் மிகுதி. ஓர் ஆண் பல பெண்களோடு கூடும் ஜாதி இது. ஆகையால் முதலில் எழுந்து வரும் ஆண்களை மட்டும் சுட்டுவிட்டுத் திரும்புவதிலும் லாபம் அதிகம் இல்லை. பெண் எழுந்த பிறகு, பிரசவத்துக்கு முன்பு, அந்தச் சில வாரங்களே காலம்.

இதில் தர்ம நியாயமும் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒரு தாய் சுடப்பட்டால், வளைக்குள் கண் திறவாத குட்டிகள் பட்டினி கிடந்து சாகும். பயிரைக் காப்பாற்ற ஓர் உயிரை எடுத்தே தீர வேண்டும் என்றால், ஒரே நொடியில் முடிகிற மரணமாக இருக்கட்டும். மண்ணுக்குள் நாலு நாள் நீடிக்கும் மரணம் வேண்டாம்.

இன்னும் ஒன்று. ஒருவர் வயலை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அண்டை வயலை அப்படியே விட்டால், அங்கே பிறந்த இளம் ஆண்கள் புது வீடு தேடி இங்கே குடி வந்துவிடும். வளை தோண்டும் செலவும் மிச்சம்! ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர் இது.

தோட்டா எங்கே போகிறது?

கோபரைச் சுட வழக்கமாக எடுப்பது பாயிண்ட் இருபத்திரண்டு என்ற சிறு ரைபிள். வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். தோட்டா சுண்டு விரல் நுனி அளவுதான். ஆனால் குறி தப்பினால் ஒரு மைலுக்கு மேல் பறக்கக்கூடியது. கல்லில் பட்டால் திசை மாறித் தெறிக்கும். தட்டையான சமவெளியில் கோபருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அண்டை வீட்டு மாடாக இருக்கலாம், டிராக்டர் ஓட்டுகிறவராக இருக்கலாம். மண்மேடு பின்னணியாக இருந்தாலொழிய விரலை அசைக்காதே என்பது அங்கே பொறுப்புள்ள தகப்பனார் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம்.

குறி தப்பாத தோட்டாவிலும் ஆபத்து உண்டு. ஈயத் தோட்டா கோபரின் உடலில் பட்டதும் துணுக்குத் துணுக்காகச் சிதறுகிறது. சுட்டவர் உடலை அங்கேயே போட்டுவிட்டு அடுத்த குறியைத் தேடிப் போகிறார். மேலே வட்டமிடும் பருந்துக்கு இது அன்ன சத்திரம். தின்று, குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. இப்படிச் சுட்டுப் போட்ட கோபர் உடல்களைச் சோதித்த ஓர் ஆராய்ச்சி 2006-ல் வெளியாயிற்று. தின்ன வரும் பருந்துகளுக்கு அதிலுள்ள ஈயம் ஆபத்தாகலாம் என்று அது எச்சரித்தது. ஈயம் கலக்காத தோட்டா இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல். அதுவும் வேண்டாம் என்றால், செத்த உடல்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைப்பதற்கு ஒரு மண்வெட்டி போதும்.

சம்பளம் கேட்காத காவற்காரர்கள்

பருந்தின் மேல் ஏன் இவ்வளவு அக்கறை? துருவேறிய இரும்பின் நிறத்தில் ஒரு பெரிய பருந்து அந்தச் சமவெளியில் உண்டு. அதற்கு அங்கே முக்கிய ஆகாரமே கோபர். ஒரு ஜோடி தம் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்குவதற்குள் சில நூறு கோபர்களைத் தூக்கிவிடும். தோட்டாச் செலவு இல்லை, சனி ஞாயிறு லீவு இல்லை. கூடு கட்ட மரம் கிடைப்பதுதான் அந்தப் பொட்டல் வெளியில் கஷ்டம். இதை உணர்ந்து, வயலில் உயரமான கம்பம் நட்டு, மேலே மேடை கட்டிப் பருந்துக்கு வீடு கொடுக்கும் விவசாயிகள் உண்டு. தாத்தா சுட்டுத் தள்ளிய போலீஸ்காரருக்குப் பேரன் மறுபடி உத்தியோகம் கொடுக்கிறார்!

பாட்ஜரும் அப்படியே. தூங்குகிற கோபரைக்கூட மண்ணைத் தோண்டி எடுக்கும் சாமர்த்தியம் அதற்கு இருக்கிறது. ஆகஸ்டில் எந்தத் துப்பாக்கியாலும் முடியாத காரியம் அல்லவா இது! பயிர் நிலத்தில் அது தோண்டும் பள்ளம் தொந்தரவுதான். மேய்ச்சல் நிலத்தின் ஓரத்திலாவது அதை வாழவிடலாம். கோபரும் பாட்ஜரும் தோண்டிக் கைவிட்ட வளைகளில் ஒரு சின்ன ஆந்தை குடியிருக்கிறது. அழியும் நிலையில் இருப்பதாகக் கனடா அறிவித்துள்ள பறவை அது. வயலில் கோபரே இல்லாமல் செய்துவிட்டால் அந்த ஆந்தைக்கு வீடில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான காவல் புல். முளைக்குச்சி போல் நின்று நாலு பக்கமும் பார்க்க முடிகிற இடந்தான் கோபருக்குப் பிடிக்கும். அரையடிக்கு மேல் அடர்ந்து வளர்ந்த புல்லில் அதற்குப் பயம். எதிரி வருவது தெரியாது. மாடுகள் ஒட்ட மேய்ந்து தரை தெரிகிற நிலத்திலும், மழை பொய்த்துப் புல் கருகிய வருஷத்திலும் கோபருக்குக் கொண்டாட்டம். 2001, 2002-ல் அந்தச் சமவெளியைக் கடும் வறட்சி வாட்டியபோது கோபர் பெருகியது. 2002-ல் சஸ்காட்டூன் நகரத்தில் வால் எண்ணிப் பரிசு தரும் போட்டி ஒன்றுகூட நடத்தினார்கள். பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. மேய்ச்சலை மாற்றி மாற்றிப் பங்கிட்டு, புல்லைக் கொஞ்சம் உயர விட்டால், அதுவே நாள் முழுவதும் காவல் நிற்கும்.

யாருக்கு என்ன வேண்டும்?

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பொழுதுபோக்குக்குச் சுடுகிறவரும், பயிருக்காகச் சுடுகிறவரும் ஒரே துப்பாக்கியைப் பிடித்தாலும் இருவருக்கும் வேண்டியது வேறு. முன்னவருக்குக் குறிகள் ஏராளமாக இருக்க வேண்டும். ஆகவே ஜூலை அவருக்கு உகந்த மாதம். பின்னவருக்குக் குறியே இல்லாமல் போக வேண்டும். ஆகவே மார்ச்சும் ஏப்ரல் தொடக்கமும் அவருடைய மாதங்கள். மைத்துனர் வந்து ஜூலையில் சுட்டுவிட்டுப் போனதைப் பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிக்கொண்டால், அந்தக் கணக்கில் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

ஆல்பர்ட்டாவில் டாரிங்டன் என்ற சிற்றூரில் 1996-ல் ஒரு விசித்திரக் காட்சிசாலை திறந்தார்கள். பாடம் செய்த கோபர்களுக்குச் சட்டையும் தொப்பியும் மாட்டி, நாவிதராகவும் பாதிரியாராகவும் வேஷம் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தியிருந்தார்கள். பிராணிகளிடம் பரிவு கொண்டவர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபத்தால் ஊர் பெயர் உலகமெங்கும் பரவி, வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது! எதிரி என்று சுடுவதும், செல்லம் என்று சட்டை மாட்டுவதும் மனிதனுக்குச் சுலபம். எழுந்து தூங்கும் வேளையைக் கவனித்து அதற்கேற்ப நடந்துகொள்வதற்குத்தான் பொறுமை வேண்டியிருக்கிறது.

வயல் அமைதியாக இருக்கும் ஒரு ஆகஸ்டு மாலையில், துப்பாக்கியைத் துடைத்துச் சுவரில் மாட்டும் விவசாயி ஒரு நிமிஷம் தம் காலடி மண்ணை நினைத்துப் பார்க்கட்டும். வெற்றி விழாவுக்கு இன்னும் ஏழு மாதம் பொறுக்க வேண்டும். மார்ச் மாதப் பனியில் எத்தனை தலைகள் எட்டிப் பார்க்கின்றன என்பதுதான் அவருக்கு வரப்போகிற பரீட்சை மார்க்கு.